புரத இழை ஜெல்: மின்னூட்டத்தின் பங்கு

நீரில் கரைந்த புரதம் நீண்ட நுண்ணிழைகளாகத் திரள, அவை ஒன்றோடொன்று பின்னி நீரைத் தமக்குள் பிடித்துவைத்துக்கொள்வதே இழை ஜெல். அது கட்டுமா, கட்டினால் தெளிவாக இருக்குமா, வெளுத்திருக்குமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இழைகளின் மின்னூட்டம்.

வரலாறு முட்டையில் தொடங்குகிறது. 1899இல் இங்கிலாந்தின் வில்லியம் பேட் ஹார்டி, வெண்கருவில் நிறையத் தண்ணீர் கலந்து கொதிக்கவைத்தார். அது அவித்த முட்டைபோல் இறுகவில்லை; கஞ்சித் தெளிவுபோல் லேசாக மங்கி நின்றது. மின்சாரம் செலுத்தியபோது, அமிலக் கரைசலில் புரதத் துகள்கள் எதிர்முனைக்கும் காரக் கரைசலில் நேர்முனைக்கும் நகர்ந்தன. இரண்டுக்கும் இடையே, மின்னூட்டம் சமன்பட்ட நிலையில், ஒன்றையொன்று விலக்கும் விசை இல்லாமல், திரிந்து படிந்தன. பால் புளித்துத் தயிராவதும் இதே கதைதான்.

உப்பும் புரதத்தைத் திரிக்கும்; அது ஏன் என்பதற்கு 1923இல் டிபையும் ஹியூக்கலும் தந்த கோட்பாட்டில் விடை கிடைத்தது. உப்பின் அயனிகள் மின்னூட்டத்தைச் சூழ்ந்து மறைக்கின்றன. சமையல் உப்பு லிட்டருக்கு 0.01 மோல் இருந்தால் விலக்குவிசை சுமார் 3 நானோமீட்டர் எட்டும், 0.1 மோல் ஆனால் 1 நானோமீட்டர்தான்.

இழைகள் தனிக்கதை. 1940களில் டேவிட் வா, அமிலத்தில் சூடாக்கிய இன்சுலின் இழையாவதை ஆராய்ந்தார். பிற்பாடு ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையானது பாலின் தெளிநீர்ப் புரதமான பீட்டா-லாக்டோகுளோபுலின். பிஎச் 2 அளவுள்ள அமிலத்தில், 80–90 டிகிரியில் பல மணி நேரம் வைத்தால், அமிலம் புரதத்தைத் துண்டாக்குகிறது. சில துண்டுகள் சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனும் பல மைக்ரோமீட்டர் நீளமும் கொண்ட இழைகளாகின்றன. அந்த அமிலத்தில் எல்லாமே நேர்மின்னூட்டம் கொண்டவை. விலக்கம் இருப்பதால்தான் அவை உருண்டை உருண்டையாகத் திரளாமல் மெல்லிய இழையாக நீள்கின்றன. அதே விலக்கம்தான் இழையோடு இழை ஒட்டவிடாமலும் தடுக்கிறது. இந்த இரட்டை வேடம்தான் விஷயத்தின் சாரம். அளவாக உப்பிட்டால் தடை தளர்ந்து, குறைந்த புரதத்திலேயே தெளிந்த ஜெல் கட்டுகிறது. உப்பு மிஞ்சினால் கட்டிதட்டி வெளுத்துவிடும்.

உணவுத் தொழிலுக்கு இதிலே ஒரு சங்கடம். பிஎச் 2 என்பது எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. அதை நடுநிலைக்கு உயர்த்தும் வழியில் இப்புரதத்தின் மின்சமநிலைப் புள்ளி, பிஎச் 5ஐ ஒட்டி, குறுக்கிடுகிறது. அங்கே இழைகள் மின்னூட்டம் இழந்து கொத்துக்கொத்தாகத் திரண்டுவிடுகின்றன.