ஜன்னல் ஓர இருக்கை

அம்மாவை எங்காவது அழைத்துப் போக வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். பந்தலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள் அவள். அவள் வாழ்க்கையில் 'விடுமுறை' என்பது பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் எடுத்தது மட்டும்தான். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் இலங்கைக்கு ஆறு நாள் சுற்றுலா என்று முடிவு செய்தேன். அவள் பிறந்த நாடு. 1972இல் பதினான்கு வயதில் கப்பலேறி வந்தவள் திரும்பிப் போகவே இல்லை.

பயண முகவர் ஒரு திட்டம் அனுப்பினார். கொழும்பில் ஒரு நாள், கண்டியில் தலதா மாளிகை, பிறகு ரம்பொடை அனுமார் கோயில், சீதா எலியவில் சீதை அம்மன் கோயில், நுவரெலியா. அங்கிருந்து எல்ல வரைக்கும் மலை ரயில், 'ஜன்னல் ஓர இருக்கை உறுதி'. இடையில் 'தேயிலைத் தோட்ட அனுபவம்': சேலை கட்டி, கூடை மாட்டி, பசுமைக்கு நடுவே படம் எடுத்துக்கொள்ளலாம். மாதிரிக்கு ஒரு படமும் இருந்தது. தலையில் துணி, முதுகில் கூடை, சிரித்தபடி ஒரு பெண். பெயர் இல்லை.

அம்மா படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இடுப்புல படங்கு இல்ல பாரு. படங்கு கட்டாம செடிக்குள்ள எறங்குனா பாவாடை கிழிஞ்சிரும், ஈரம் ஏறிரும். இது வேலைக்கு நிக்கிற புள்ள இல்ல, படத்துக்கு நிக்கிற புள்ள" என்றாள். பிறகு, "நீ போயிட்டு வா புள்ள. அந்தக் கோச்சியில நான் ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். அந்தக் கோச்சியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன். திட்டம் போட உட்கார்ந்தவள் வரலாற்றில் போய் விழுந்தேன்.

இன்று உலகமெங்கும் இருந்து பயணிகள் வந்து கதவோரம் தொங்கிப் படமெடுக்கும் அந்தப் பாதை, காட்சி பார்ப்பதற்காகப் போடப்பட்டது அல்ல. 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது, காப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக. 1885இல் நானுஓயாவைத் தொட்டது. 1924இல் பதுளையை அடைந்தது. எல்லோரும் தேடிப்போகும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிந்தது. தோட்டங்கள் எங்கே விரிந்தனவோ அங்கெல்லாம் தண்டவாளம் ஏறியது.

ரயில் வருவதற்கு முன்னால் அந்த மலைகளுக்கு எப்படிப் போனார்கள்? நடந்து. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துச் சேரிகளிலிருந்தும் வறண்ட கிராமங்களிலிருந்தும் புறப்பட்டு, கடலைத் தாண்டி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு. வழியில் காலராவும் மலேரியாவும். செத்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள்.

இந்த நடையில் பெண்கள் எங்கே என்று தேடினேன். காப்பிக் காலத்தில் குறைவாகவே இருக்கிறார்கள். காப்பி அறுவடை பருவத்துக்கு ஒரு முறை. ஆண்கள் கூட்டமாக வந்து, பழம் பறித்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டி, அடுத்த இருபது வருடங்களுக்குள் காப்பியை அழித்துவிட்டது. 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பி போன இடத்தில் அது பரவியது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஒரு வாரம், பத்து நாளுக்கு ஒரு முறை அதே செடியில் கொழுந்து எடுக்க வேண்டும், வருடம் முழுவதும். வந்து போகிற ஆட்கள் போதாது. அங்கேயே தங்கிப் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையையும் வேலைக்குத் தருகிற குடும்பங்கள் வேண்டும். பெண்கள் அந்த மலைக்குத் தேவைப்பட்டது இப்படித்தான். லயன் அறை பிறந்ததும் பிள்ளைக் காம்பரா பிறந்ததும் இந்தக் கணக்கில்தான்.

கொழுந்து எடுக்கப் 'பெண்ணின் மென்மையான விரல்' தேவை என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். அம்மாவின் விரல்களைப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். விரல் காரணமல்ல, கூலிதான் காரணம். 1927ஆம் வருடச் சட்டப்படி இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது, உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தோட்டத்தின் வருமானம் எந்த வேலையில் இருந்ததோ அந்த வேலையைச் செய்தவளுக்குப் பதினொரு சதம் குறைவு. இந்த வித்தியாசம் 1984இல்தான் நீங்கியது. அதற்குள் என் அம்மாயி அங்கே உழைத்து முடித்து, அக்கரையில் வந்து செத்தும் போயிருந்தாள். அவள் சம்பளத்தைக் கடைசி வரை தாத்தாதான் கைநீட்டி வாங்கினார். பல தோட்டங்களில் அதுதான் வழக்கம்.

இன்னொரு பெண்ணையும் இந்தத் தேடலில் சந்தித்தேன். ஜூலியா மார்கரெட் கேமரன். புகைப்படக் கலையில் பெண்கள் தடம் பதித்த வரலாற்றைப் பேசும்போது நாம் பெருமையோடு சொல்லும் பெயர். அவருடைய கணவர் சார்லஸ் ஹே கேமரன் 1830களின் தொடக்கத்தில் இலங்கை நிர்வாகத்தை மாற்றியமைத்த கோல்புரூக் – கேமரன் ஆணைக்குழுவில் இருந்தவர். பிறகு அந்த மலைகளில் காப்பி நிலமும் வாங்கினார். 1875இல் தம்பதியர் இலங்கைக்கே குடிவந்தார்கள். ஜூலியா அங்கே எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே மிஞ்சியிருக்கின்றன. 1877இல் களுத்துறை வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஓவியர் மரியான் நார்த்தைப் படமெடுத்தார். யார் என்று நமக்குத் தெரிகிறது. அதே நாட்களில் அவர் முன்னால் நின்ற உள்ளூர்ப் பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பதுபோல ஒரு தலைப்பு, அவ்வளவுதான். 1879இல் இறந்த ஜூலியாவின் கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது. சுற்றுலாப் பட்டியல்களில் அதுவும் ஓர் இடம்.

அவரை நான் வெறுக்கவில்லை. ஆண்கள் ஆண்ட ஒரு துறையில் தன் கண்ணை நம்பியவர். ஆனால் ஒரு பெண் கேமராவுக்குப் பின்னால் நின்றதாலேயே முன்னால் நின்ற பெண்ணுக்குப் பெயர் கிடைத்துவிடவில்லை. அந்தத் திட்டத்தில் கூடை மாட்டிப் படமெடுத்துக்கொள்ள இருந்த நானும் கேமராவுக்குப் பின்னால்தான் இருக்கிறேன். என் அம்மா பிறந்ததோ முன்னால்.

ஒரு மாலை, கேட்காமலே அம்மா சொல்ல ஆரம்பித்தாள். "பத்து மணிக்கு அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவேன். மலைக்குக் கீழாலதான் கோச்சி ரோடு. கோச்சி வந்தா கங்காணி அந்தப் பக்கம் திரும்பியிருந்தா, நெரையில நிக்கிற பொம்பளைங்க எல்லாம் நிமிந்து பாப்பாங்க. உள்ள இருக்கிறவங்க கை காட்டுவாங்க. நாங்களும் காட்டுவோம். அவங்க எங்க போறாங்கன்னு நெனைப்பேன். ஒருநா நாங்களே அதுல ஏறுனோம்."

அந்த ஏற்றத்தின் கதை சட்டங்களில் இருக்கிறது. 1931இல் இலங்கையில் பெண்களுக்கும் வாக்குரிமை வந்தது. தோட்டத்துப் பெண்களிலும் ஒரு பகுதியினர் வாக்களித்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வாக்கும் போனது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தவர் தாத்தா. அம்மாயியிடம் யாரும் கேட்கவில்லை. அவளுடைய அம்மாவையும் தங்கைகளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி நகர்ந்தபோது பிளாட்பாரத்தில் இருந்தவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் செத்த வீட்டில்போல அழுதார்கள் என்று அம்மா சொன்னாள். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். மறுநாள் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. திரும்பி வருகிறவர்களைக் குடியமர்த்துவதற்காகவே 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்திருந்தது. அம்மாயி ஒரு மலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு இன்னொரு மலையில் தூக்கிக்கொண்டாள்.

உலகின் மிக அழகான ரயில் பாதை என்று விளம்பரம் செய்வதும், ஒப்பாரிக் கோச்சி ஓடியதும் ஒரே தண்டவாளம்தான். இன்று அதில் ஓடும் ரயில்களுக்குப் பொடி மெனிக்கே, உடரட்ட மெனிக்கே என்று கண்டிச் சீமாட்டிகளின் பெயர் வைத்திருக்கிறார்கள். என் திட்டத்தில் சிறையிருந்த சீதைக்கு ஒரு கோயில் இருந்தது. வெள்ளைக்காரக் கலைஞிக்கு ஒரு கல்லறையைச் சேர்த்திருக்கலாம். அம்மாயிக்கு மட்டும் நிறுத்தம் இல்லை.

முகவரின் திட்டத்தை ஒதுக்கிவிட்டு நானே எழுதினேன். முதல் நாள் தலைமன்னார்ப் பழைய இறங்குதுறை. அங்கிருந்து மாத்தளை, 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்களே, அந்த வழி. பிறகு ஹட்டன். அம்மா பிறந்த தோட்டம். எல்ல இல்லை. கூடை மாட்டும் அனுபவம் இல்லை.

விசா விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் கேட்டார்கள். பிறந்த ஊரைப் பார்க்க என்பதற்கு அங்கே கட்டம் இல்லை. 'சுற்றிப் பார்க்க' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பிறந்த இடம்: ஹட்டன். நாடு: இந்தியா. அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

என் தாளை வாங்கி விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தவள் தோட்டத்துக்குப் போகும் நாளில் நிறுத்தினாள். புதன்கிழமை என்று போட்டிருந்தேன். முகவரின் திட்டத்திலிருந்து எடுத்த ஒரே வரி அது. வேலை நாளில் போனால்தான் மலையில் பெண்கள் நிரையாக நிற்பதைப் பார்க்கலாம் என்று அவர் குறித்திருந்தார். நானும் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

"புதன்கெழமை எதுக்கு? லயத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, மலையில நிப்பாங்க. அவங்க வேலை செய்யிறதயா பாக்கப் போறோம்?" என்றாள். "ஞாயித்துக்கெழமை போவோம். கைக்காசுக்குப் போறவங்க போனாலும் மத்தவங்க வீட்ல இருப்பாங்க. ஒக்காந்து பேசலாம். சித்தி மக்க யாராச்சும் இருந்தா பேரச் சொல்லிக் கேக்கலாம்."

திட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். ஹட்டன் வரை கோச்சியில் வரச் சம்மதித்திருக்கிறாள். ஜன்னல் ஓர இருக்கை அவளுக்கு. மலையில் யாராவது நிமிர்ந்தால் கை காட்ட வேண்டுமாம்.