தாளில் இருந்த பாட்டும் தொண்டையில் இருந்த பாட்டும்

ராக் அண்ட் ரோல் வரலாற்றைப் பற்றி நாலு பேர் பேச உட்கார்ந்தால், பத்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியம் வந்து விழுந்துவிடும்: "எல்விஸ் பிரெஸ்லி கறுப்பர்களோட பாட்டைத் திருடிட்டார்." உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வரும்: "கலைன்னா அப்படித்தான்பா, ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தர் எடுத்துக்குவாங்க."

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. திருட்டு என்றால் அந்தப் பொருளுக்கு முதலில் ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டுமே? அன்றைய அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் "பாட்டு" என்றால் என்ன, அதற்கு யார் சொந்தக்காரர்? இதைத் தேடிக்கொண்டு போனால் கதை எல்விஸிடம் தொடங்கவில்லை. ஓட்டை போட்ட ஒரு காகிதச் சுருளில் தொடங்குகிறது.

ஓட்டை போட்ட காகிதம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பாட்டு வியாபாரம் என்றால் தாள் வியாபாரம்தான். நியூயார்க்கின் டின் பான் ஆலி என்ற பகுதியில் இருந்த பதிப்பாளர்கள், மெட்டையும் வரிகளையும் அச்சடித்து ஷீட் மியூசிக்காக விற்றார்கள். மக்கள் வாங்கிப் போய் வீட்டு பியானோவில் வாசித்துக்கொண்டார்கள்.

அப்போது தானாக வாசிக்கும் பியானோ வந்தது. ஓட்டைகள் போட்ட காகிதச் சுருளை உள்ளே மாட்டினால் போதும், பாட்டு ஓடும். பதிப்பாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு விசித்திரமானது: மனிதர்களால் கண்ணால் பார்த்துப் படிக்க முடியாததால், அந்தச் சுருள் பாட்டின் நகல் ஆகாது!

அடுத்த வருடமே நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டு இதைச் சரிசெய்தது. 1909 சட்டப்படி, ஒரு பாட்டை எழுதியவர் ஒருமுறை யாருக்காவது பதிவு செய்ய அனுமதி கொடுத்துவிட்டால், அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். ஒரு பிரதிக்கு 2 சென்ட் கொடுத்தால் போதும். இந்த 2 சென்ட் 1978 வரை மாறவே இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த 2 சென்ட் பாட்டை எழுதியவருக்கும் அவருடைய பதிப்பாளருக்கும். பாடினவருக்கு? சட்டத்தில் அவருக்கு ஒன்றும் இல்லை. கம்பெனியோடு அவர் போட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். இசைத்தட்டில் பதிவான ஒலிக்கு மத்தியச் சட்டத்தில் பதிப்புரிமையே கிடையாது.

நமக்கு இது எளிதாகப் புரியும். ஸ்வரத்தைத் தாளில் எழுதிவிடலாம், கமகத்தை எப்படி எழுதுவது? புளூஸ் இசையின் உயிரே அந்த எழுத முடியாத இடத்தில்தான் இருக்கிறது. ஸ்வரத்தைக் கொஞ்சம் வளைப்பது, தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி வருவது, குரலில் ஒரு உறுமல். எதைத் தாளில் எழுத முடியுமோ அது சொத்து, எழுத முடியாதது பொது என்று சட்டம் பிரித்துவிட்டது. செவிவழியாக வளர்ந்த ஒரு இசை மரபுக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்று பிறகுதான் தெரிந்தது.

ரேடியோ வந்தது

1914-ல் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள், பதிப்பாளர்கள் சேர்ந்து அஸ்காப் என்ற சங்கத்தை அமைத்தார்கள். உணவகங்களிலும் நடன அரங்குகளிலும் தங்கள் பாட்டை வாசித்தால் கட்டணம் வசூலிப்பதுதான் நோக்கம். "நாங்க சாப்பாட்டுக்குத்தானே காசு வாங்குறோம், பாட்டு இலவசம்தானே" என்று ஒரு உணவகம் வாதாடிப் பார்த்தது. சாப்பாட்டு விலைக்குள் பாட்டும் அடக்கம் என்று 1917-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின்னால் ரேடியோவும் இதே வழியில் பணம் கட்ட வேண்டியதானது.

பாடகர்களும் இசைக்குழுக்களும் இதையே தங்களுக்கும் கேட்டுப் பார்த்தார்கள். அன்றைய புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவர் பால் வைட்மேனின் இசைத்தட்டுகளை ரேடியோ நிலையங்கள் ஒலிபரப்புவது பற்றிய வழக்கு 1940-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. "ரேடியோவில் ஒலிபரப்ப அனுமதி இல்லை" என்று இசைத்தட்டின் மேலேயே அச்சிட்டிருந்தும் பயனில்லை. தட்டை விற்றுவிட்டால் அதை ரேடியோவில் போடுவதை நீங்கள் தடுக்க முடியாது என்பதே தீர்ப்பு.

ஆக, ரேடியோவில் ஒரு பாட்டு ஓடினால் எழுதியவருக்குக் காசு. பாடினவருக்கு விளம்பரம்.

ஒரு சண்டை திறந்த கதவு

அஸ்காப் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. பிராட்வே, ஹாலிவுட் பாட்டுக்காரர்களின் கோட்டையாக அது இருந்தது. புளூஸ் எழுதுகிறவர்கள், தென்மாநிலங்களின் கிராமிய இசைக்காரர்கள் எல்லாம் பெரும்பாலும் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

1940-ல் அஸ்காப் ரேடியோ கட்டணத்தைக் கடுமையாக உயர்த்தப் பார்த்தது. ரேடியோக்காரர்கள் அதற்கு முன்பே, 1939-ல், பிஎம்ஐ என்று போட்டிச் சங்கம் ஒன்றைத் தொடங்கித் தயாராக இருந்தார்கள். 1941 ஜனவரி 1 முதல் பெரிய ரேடியோ வலையமைப்புகளில் அஸ்காப் பாட்டு ஒன்றுகூட ஒலிக்கவில்லை. பதிப்புரிமை காலாவதியான பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாட்டுகளைப் போட்டுப் போட்டே ஓட்டினார்கள். ஸ்டீபன் ஃபாஸ்டரின் பழைய பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு மக்களுக்கு அலுத்தே போயிருக்கும். கிட்டத்தட்ட பத்து மாதம் இப்படிப் போனது.

பிஎம்ஐக்குப் பாட்டுகள் தேவை. அஸ்காப் சேர்க்காதவர்களை அது சேர்த்துக்கொண்டது. கன்ட்ரி, புளூஸ், பிறகு ரிதம் அண்ட் புளூஸ் எழுதியவர்களுக்கு ரேடியோ வருமானம் வர முதன்முறையாக ஒரு பெரிய வழி கிடைத்தது. நல்லெண்ணத்தில் திறந்த கதவு இல்லை இது, கட்டணத் தகராறில் திறந்தது. ஆனால் திறந்தது திறந்ததுதான். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ராக் அண்ட் ரோல் வெடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நகல் எடுப்பது குற்றமில்லை

1920-ல் மேமி ஸ்மித் பாடிய புளூஸ் இசைத்தட்டு பெரிய அளவில் விற்ற பிறகு, கறுப்பர்களுக்கு என்று தனியாக இசைத்தட்டு வெளியிடும் வழக்கம் பரவியது. அதற்கு "ரேஸ் ரெக்கார்ட்ஸ்" என்று பெயர். பில்போர்டு பத்திரிகை 1949-ல்தான் அந்தப் பெயரை மாற்றி "ரிதம் அண்ட் புளூஸ்" என்று போட்டது. பெயர் மாறினாலும் சந்தை இரண்டாகவே இருந்தது. கறுப்பர் சந்தையில் ஒரு பாட்டு ஓடினால், வெள்ளையர் ஒருவரை வைத்து அதையே மறுபடி பதிவு செய்து பெரிய சந்தையில் விற்பது சர்வசாதாரணம். இதைத்தான் கவர் என்றார்கள்.

1950-ல் இது கோர்ட்டுக்குப் போனது. பாலா வாட்சன் பாடிய ஒரு பாட்டை எவலின் நைட்டை வைத்து டெக்கா கம்பெனி மறுபதிவு செய்திருந்தது. பாடும் விதம், வாத்திய அமைப்பு எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டார்கள் என்பது முதல் கம்பெனியின் புகார். வாத்திய அமைப்புக்கெல்லாம் அப்படி ஒரு சொத்துரிமை இல்லை என்று வழக்கு தள்ளுபடியானது.

1954-ல் லாவர்ன் பேக்கர் பாடிப் பதிவான "ட்வீடில் டீ"க்கும் இதுதான் நடந்தது. ஜார்ஜியா கிப்ஸ் அதை அதே பாணியில் பாட, பாப் பட்டியலில் அது மூலப் பதிவைவிட மேலே போய்விட்டது. பேக்கர் சும்மா இருக்கவில்லை. டெட்ராய்ட்டின் நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் டிக்ஸுக்குக் கடிதம் எழுதி, இதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டார். சட்டம் வரவில்லை. பிறகு ஒருமுறை விமானம் ஏறுமுன் காப்பீடு எடுத்து, ஜார்ஜியா கிப்ஸின் பெயரையே வாரிசாகப் போட்டார் என்று ஒரு கதை உண்டு. நான் செத்துப்போனால் நீ யாரைப் பார்த்துப் பாடுவாய் என்பதுதான் அதில் இருந்த குத்தல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ட்வீடில் டீ"யை எழுதிய வின்ஃபீல்ட் ஸ்காட்டும் கறுப்பர்தான். சட்டப்படி இரண்டு பதிவிலும் அவருக்குப் பங்கு உண்டு. லாவர்ன் பேக்கருக்கு கிப்ஸ் பதிவிலிருந்து ஒரு சென்ட்கூட இல்லை.

இப்போது "ஹவுண்ட் டாக்"குக்கு வருவோம். 1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் பிக் மாமா தார்ன்டன் பாடிப் பதிவானது. எழுதியவர்கள் ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள், இருவருக்கும் அப்போது வயது 19. தார்ன்டன் பதிவு 1953-ல் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. எல்விஸ் 1956-ல் பாடினார். அவர் அதைத் தார்ன்டனிடமிருந்து நேராக எடுக்கவும் இல்லை. லாஸ் வேகஸில் ஒரு குழு வரிகளை மாற்றி வேடிக்கைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்ததைப் பார்த்து எடுத்தார்.

"கறுப்பர் பாட்டை வெள்ளைக்காரர் திருடினார்" என்ற ஒரு வரிக்குள் இது அடங்குமா? எழுதியவர்கள் வெள்ளையர்கள், அவர்களுக்கு ராயல்டி போனது. அதை ஒரு பெண்ணின் கர்ஜனையாக மாற்றியது தார்ன்டனின் தொண்டை. அந்தத் தொண்டைக்குச் சட்டத்தில் இடமில்லை. மொத்தமாக ஒரே ஒரு காசோலை, 500 டாலர் கிடைத்தது என்று அவரே பின்னாளில் சொன்னார். 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வாடகை விடுதியில் இறந்தார்.

அப்போ பெயரைப் பிடி!

காசு தாளில்தான் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் தாளைப் பிடிக்கப் பார்த்தார்கள். சக் பெர்ரி 1955-ல் "மேபலீன்" எழுதிப் பாடினார். இசைத்தட்டு வந்தபோது எழுதியவர்கள் என்று மூன்று பெயர். அதில் ஒருவர் ஆலன் ஃப்ரீட், ரேடியோவில் பாட்டுப் போடுகிறவர்! அவர் பெயர் இருந்தால் அவர் அந்தப் பாட்டை அடிக்கடி போடுவார், அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கூடுதல் பெயர்களை நீக்க 1986 வரை ஆனது. எல்விஸின் "டோன்ட் பீ க்ரூயல்" ஓடிஸ் பிளாக்வெல் எழுதியது. அதிலும் பாதிப் பங்குக்கு எல்விஸ் பெயர் சேர்ந்தது.

தாளில் பெயர் ஒழுங்காக இருந்தாலும் காசு வந்துவிடும் என்று உறுதியில்லை. எல்விஸ் 1954-ல் சன் ஸ்டுடியோவில் பாடிய "தட்ஸ் ஆல் ரைட்" ஆர்தர் க்ரூடப் எழுதி 1946-ல் பாடியது. உரிமைகள் அவருடைய மேலாளர் வழியாக வேறு கைகளுக்குப் போயிருந்தன. க்ரூடப் கூலி வேலை செய்து பிழைத்தார். 1974-ல் இறக்கும்வரை வரவேண்டிய ராயல்டி அவர் கைக்கு ஒழுங்காக வரவேயில்லை.

இன்றைக்கு?

பதிவான ஒலிக்கு அமெரிக்கா மத்தியச் சட்டத்தில் பதிப்புரிமை கொடுத்தது 1972 பிப்ரவரி 15-ல். அதற்கு முந்தைய பதிவுகளுக்கு அது செல்லாது. இணைய ரேடியோ போன்ற டிஜிட்டல் ஒலிபரப்பில் பாடகர்களுக்குப் பங்கு தரும் சட்டம் 1995-ல் வந்தது. 1972-க்கு முந்தைய பதிவுகளுக்கு அதை நீட்டித்தது 2018-ல். அதற்குள் பிக் மாமா தார்ன்டன், லாவர்ன் பேக்கர் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சாதாரண ஏஎம், எஃப்எம் ரேடியோ அமெரிக்காவில் இன்றும் பாடகருக்குப் பணம் தரத் தேவையில்லை.

தாளம் போடுகிறவர் நிலைமை இன்னும் மோசம். ஜேம்ஸ் பிரவுன் குழுவில் டிரம்ஸ் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட், 1969-ல் பதிவான "ஃபங்கி டிரம்மர்" பாட்டில் சில நொடிகள் தனியாக வாசிப்பார். பின்னால் வந்த ஏராளமான ஹிப்ஹாப் பாட்டுகளின் அடித்தளமே அந்தச் சில நொடிகள்தான். எழுதியவர் என்று தாளில் இருந்த பெயர் ஜேம்ஸ் பிரவுன். ஸ்டபிள்ஃபீல்டுக்கு அந்த வாசிப்பில் சட்டப்படி பங்கு இல்லை. 2017-ல் இறந்தார்.

"அதெல்லாம் பழைய கதை" என்று நினைத்தால் லெட் செப்பலின் வழக்கைப் பாருங்கள். "ஸ்டேர்வே டு ஹெவன்" பாட்டின் தொடக்கம் ஸ்பிரிட் குழுவின் "டாரஸ்" என்ற இசைத்துண்டிலிருந்து எடுத்தது என்று வழக்கு. இரண்டு ஒலிப்பதிவும் எல்லோர் கையிலும் இருக்கிறது, போட்டுக் கேட்டால் ஆச்சு. ஆனால் "டாரஸ்" 1909 சட்டக் காலத்துப் பாட்டு. அதனால் 1967-ல் பதிப்புரிமை அலுவலகத்தில் கொடுத்த ஒற்றைத் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அது மட்டும்தான் பாட்டு, இசைத்தட்டில் கேட்பது கணக்கில் வராது என்று 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. லெட் செப்பலின் ஜெயித்தது.

எல்விஸைத் திருடர் என்று சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். ஒரு ஆளைக் கைகாட்டிவிட்டால் கதை முடிந்துவிடும். ஆனால் எல்விஸ் பிறக்கும் முன்பே, பாட்டு என்றால் என்ன என்பதைச் சட்டம் தீர்மானித்துவிட்டது. அந்த வரையறை நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எழுத்தில் வாழ்ந்த இசைக்கும் செவியில் வாழ்ந்த இசைக்கும் நடுவே ஒரு கோடு போட்டது, அவ்வளவுதான். அன்றைய அமெரிக்காவில் அந்தக் கோட்டின் தவறான பக்கத்தில் பெரும்பாலும் யார் நின்றார்கள் என்று பட்டியல் போட்டுப் பாருங்கள், மேலே சொன்ன பெயர்களே போதும்.

அடுத்த முறை ஒரு பழைய புளூஸ் பாட்டைக் கேட்கும்போது, அதில் எது தாளில் இருந்திருக்கும், எது இருந்திருக்க முடியாது என்று யோசித்துக்கொண்டே கேளுங்கள். உங்களை அந்தப் பாட்டில் பிடித்து நிறுத்துவது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.