பழகுதலும் பழக்குதலும்: குழந்தையின் மலசலப் பழக்கம் பற்றிய ஒரு நூற்றாண்டு வாதம்

1921ஆம் ஆண்டு, ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த வேளையில், அனைத்துலக உளப்பகுப்பாய்வு இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. இந்துக்களின் சமயம், தத்துவம், குணவியல்பு ஆகிய மூன்றையும் குழந்தைப் பருவத்தில் மலங்கழித்தலோடு பிணைந்த உணர்வுகளைக் கொண்டு விளக்கிவிடலாம் என்பது அதன் வாதம். எழுதியவர் ஓவன் பெர்க்லி-ஹில். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ஆங்கிலேயர். ராஞ்சியில் ஐரோப்பியருக்கென இருந்த மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர். 1922இல் கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் நிறுவிய இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தின் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவர். மலபாரைச் சேர்ந்த பெண்ணை மணந்து இந்நாட்டிலேயே குடும்பம் நடத்தியவர் என்பதும் இங்கு நினைவிற்குரியது.

அவர் கையாண்ட கோட்பாடு அவருடையதன்று. ஒழுங்கு, சிக்கனம், பிடிவாதம் ஆகிய மூன்று குணங்களும் ஒரே மனிதரிடம் சேர்ந்து காணப்படுவதற்குக் குழந்தைப் பருவத்து மலங்கழித்தல் இன்பம் அடக்கப்பட்டதே காரணம் என்று 1908இல் சிக்மண்ட் பிராய்டு எழுதினார். எர்னஸ்ட் ஜோன்ஸ் அதனை விரித்துரைத்தார். பெர்க்லி-ஹில் அதே அளவுகோலை ஒரு சமயத்தின்மீது வைத்தார். நீராடல் விதிகள், தீட்டு, மூச்சடக்கம் என யாவும் அவருக்கு ஒரே மூலத்தின் மாற்றுருவங்களாகத் தெரிந்தன. அவர் சான்றாகக் கொண்டவை பெரும்பாலும் சாத்திரங்களும் சடங்குகளும் வளர்ந்தோரின் நடத்தைகளுமே. வளர்ந்தோரின் தூய்மை வேட்கையைக் கண்டு, அதிலிருந்து குழந்தைப் பருவத்தை ஊகித்தறிவதே அவர் முறை.

இவ்வூகத்திற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. அடக்கப்பட்ட இன்பம் என்று ஒன்று இருக்க வேண்டுமாயின், அடக்குமுறை ஒன்றும் இருந்திருக்க வேண்டும். மிக இளம் வயதிலேயே, கண்டிப்போடு, குழந்தையின் குடலியக்கத்தை ஒழுங்குபடுத்திய சமூகம் எது என்று தேடினால், விடை கங்கைக்கரையில் கிடைப்பதில்லை. அமெரிக்க அரசின் குழந்தைகள் நலப் பணியகம் 1914இல் வெளியிட்ட ‘குழந்தைப் பராமரிப்பு’ என்னும் கையேடு, மலங்கழிக்கும் பழக்கத்தை மூன்றாம் மாதத்திலோ அதற்கு முன்னரோ தொடங்கிவிடலாம் என்று தாய்மார்க்கு அறிவுறுத்தியது. நாள்தோறும் குறித்த நேரத்தில் குழந்தையை அமர்த்த வேண்டும் என்பது அக்கால அறிவுரைகளின் அடிநாதம். ஆலையின் ஒழுங்கு தொட்டில்வரை நீண்டிருந்தது எனலாம். ஜான் வைட்டிங்கும் இர்வின் சைல்டும் 75 சமூகங்களின் குழந்தை வளர்ப்பை ஒப்பிட்டு 1953இல் நூல் வெளியிட்டபோது, மலசலப் பழக்கத்தில் கண்டிப்பு மிகுந்தோர் வரிசையில் அமெரிக்க நடுத்தர வகுப்பினரே நின்றனர். ஆக, கோட்பாடு தான் பிறந்த சமூகத்தின் கண்டிப்பை உலகப் பொதுவிதியாக எண்ணிக்கொண்டது.

இதே பிழை இருபதாண்டுகளுக்குப் பின் மீண்டும் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியரின் குணவியல்பை விளக்க முற்பட்ட ஜெஃப்ரி கோரர், அதன் திறவுகோல் கடுமையான மலசலப் பயிற்சியில் இருப்பதாக 1943இல் எழுதினார். அவர் ஜப்பானில் களப்பணி செய்தவரல்லர். நூல்களையும் தகவலாளர்களையும் கொண்டு தொலைவிலிருந்தே பண்பாட்டை வாசித்தார். 1945இல் வெஸ்டன் லா பாரும் அவ்வழியே சென்றார். போர் முடிந்தபின் பெட்டி லானம் முதலானோர் ஜப்பானிய வீடுகளில் குழந்தை வளர்ப்பை ஆராய்ந்தபோது, சொல்லப்பட்ட கடுமை அங்குக் காணப்படவில்லை. எதிரியின் நாட்டைப் பற்றியும், ஆளப்படும் நாட்டைப் பற்றியும் பேசும்போதே இக்கோட்பாடு மிகுந்த உறுதியோடு ஒலித்தது என்பது தற்செயலன்று.

இந்தியச் சான்றுகளைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால், பெர்க்லி-ஹில்லின் ஊகம் தலைகீழாகிறது. தருமசூத்திரங்களுள் பழமையானவற்றில் ஒன்றான கௌதம தருமசூத்திரம், உபநயனத்திற்கு முன் சிறுவன் பேச்சிலும் உணவிலும் நடத்தையிலும் தன் விருப்பப்படி இருக்கலாம் என்கிறது. மலசலங் கழிப்பதிலும் அவனுக்கு விதியில்லை. ஆசமனம் அவனுக்கு விதிக்கப்படவில்லை. அழுக்கைத் துடைத்தோ கழுவியோ நீர் தெளித்தோ நீக்கினால் போதும். அவனைத் தொடுவதால் தீட்டும் இல்லை. இது மேல்வருணத்து ஆண்மக்களுக்கு எழுதப்பட்ட விதிநூல். எல்லா வீடுகளின் நடைமுறையாக இதனைக் கொள்ளலாகாது. ஆயினும் தூய்மை விதிகளை வகுத்தவர்களே குழந்தையை அவ்விதிகளுக்கு வெளியே நிறுத்தினார்கள் என்பது தெளிவு.

இருபதாம் நூற்றாண்டுக் கள ஆய்வுகளும் இதற்கு ஒத்தே அமைகின்றன. ராஜஸ்தானத்து உயர்சாதியினரை ஆராய்ந்து 1957இல் நூலெழுதிய மாரிஸ் கார்ஸ்டேர்ஸ் உளப்பகுப்பாய்வு நோக்குடையவரே. எனினும் அவர் கண்ட குழந்தைகளிடம் கட்டாயம் செலுத்தப்படவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ராஜபுத்திரர் வாழும் சிற்றூர் ஒன்றை ‘கலாப்பூர்’ என்னும் புனைபெயரில் ஆராய்ந்த லீ மின்டர்ன், ஜான் ஹிட்ச்காக் ஆகியோரின் பதிவுகளிலும் கண்டிப்பு இல்லை. சுதிர் கக்கர் 1978இல் தம் நூலில் இதனை ஒரு பொதுப்பண்பாகவே எடுத்துரைத்தார்: இந்தியக் குழந்தை மூத்தவர்களையும் உடன்பிறந்தோரையும் பார்த்து, தன் போக்கில், சிறிது சிறிதாகக் கற்றுக்கொள்கிறது. வளர்ந்தோரிடம் தூய்மை விதிகள் மிகுதி. குழந்தையிடம் கண்டிப்புக் குறைவு. இவ்விரண்டும் ஒரே வீட்டில் உடனிருக்கும்போது, ஒன்று மற்றொன்றின் விளைவு என்னும் வாதம் நிற்பதில்லை.

இனி, கண்டிப்பின்றி இப்பழக்கம் எவ்வாறு உண்டாகிறது என்னும் வினா எழுகிறது. இங்கு மொழியியல் ஒரு வழியைக் காட்டுகிறது. சார்லஸ் ஃபெர்குசன் 1964இல் ஆறு மொழிகளின் மழலை வழக்கை ஒப்பிட்டார். அவற்றுள் மராத்தியும் ஒன்று. அதே ஆண்டில் அசோக் கேல்கர் மராத்தி மழலை வழக்கைத் தனியே ஆராய்ந்தார். உறவுமுறை, உணவு ஆகியவற்றோடு உடற்செயல்களும் இவ்வழக்கின் மையச் சொற்புலங்களுள் ஒன்று. மராத்தியில் சிறுநீருக்கு ‘ஷூ’, இந்தியில் ‘ஸூஸூ’, சீனத்தில் ‘ஷூஷூ’. குழந்தையைத் தூக்கிப் பிடித்துத் தாய் எழுப்பும் ‘ஸ்ஸ்’ என்னும் ஒலிக்கும் இச்சொற்களுக்கும் உள்ள ஒப்புமை செவிக்கே புலனாகும். குழந்தை பேசத் தொடங்குவதற்கு வெகுமுன்பே அவ்வொலி ஒரு குறியாகிவிடுகிறது. தாய் குழந்தையின் முகக்குறியை அறிகிறாள். குழந்தை தாயின் ஒலிக்குறியை அறிகிறது. இது ஒருவகை உரையாடல்.

மார்ட்டன் டிவ்ரீஸ், ரேச்சல் டிவ்ரீஸ் ஆகிய இருவரும் 1977இல் குழந்தை மருத்துவ இதழொன்றில் வெளியிட்ட கட்டுரை இதனை நேரடியாக ஆவணப்படுத்தியது. கென்யக் கடற்கரையில் வாழும் திகோ மக்களிடையே, பிறந்த சில வாரங்களிலேயே இது தொடங்குகிறது. தாய் தரையில் கால்நீட்டி அமர்ந்து, குழந்தையைத் தன் கால்களுக்கிடையே இருத்தி, ‘ஷூஸ்’ என்று ஒலியெழுப்புகிறாள். குழந்தை சிறுநீர் கழித்ததும் அணைப்போ பாலோ கிடைக்கிறது. ஐந்தாறு மாதங்களில் இரவும் பகலும் பெருமளவு ஈரமின்றி இருக்கக் குழந்தை கற்றுவிடுகிறது. காலத்தால் இது 1914ஆம் ஆண்டு அமெரிக்கக் கையேட்டைவிட முற்பட்ட தொடக்கம். தன்மையாலோ அதற்கு நேரெதிர். அங்குக் கடிகாரம் முடிவு செய்தது. இங்குக் குழந்தையின் உடல் தரும் குறி முடிவு செய்கிறது. ஆகவே ‘எந்த வயதில்’ என்பதைவிட ‘யார் யாருக்குச் செவிசாய்க்கிறார்கள்’ என்பதே அடிப்படை வினா.

தமிழில் ‘பழகு’ என்பது தன்வினை. ‘பழக்கு’ என்பது பிறவினை. பழகுவது குழந்தை, பழக்குவது பெரியவர். ஆங்கிலத்திலிருந்து வந்த ‘பயிற்சி’ என்னும் கலைச்சொல் பிறவினையை மட்டுமே முன்வைக்கிறது. காளையைப் பழக்குவதுபோலக் குழந்தையைப் பழக்க வேண்டும் என்னும் கருத்து அதில் மறைந்திருக்கிறது. மேற்கண்ட ஆய்வுகள் காட்டுவது தன்வினையின் உலகம்.

மேற்குலகமும் தன் கண்டிப்பிலிருந்து விலகியது. பாஸ்டன் பகுதிக் குழந்தை மருத்துவரான பெரி பிரேசல்டன் 1170 குழந்தைகளின் பதிவுகளைக்கொண்டு 1962இல் எழுதிய கட்டுரை, குழந்தை உடலாலும் மனத்தாலும் ஆயத்தமாகும்வரை காத்திருக்க வேண்டும் என்றது. ஏறத்தாழ 18 மாதங்களுக்குப் பின் தொடங்கிய அக்குழந்தைகள், சராசரியாக 28 மாதங்களையொட்டிப் பகல்நேரக் கட்டுப்பாட்டை எய்தினர். கட்டாயத்தால் விளையும் மலச்சிக்கலையும் அச்சத்தையும் தவிர்க்கும் நன்னோக்கு இதில் இருந்தது. ஆனால் காத்திருப்பதற்கு ஒரு பொருளியல் அடித்தளமும் வேண்டும். 1961இல் சந்தைக்கு வந்த பாம்பர்ஸ் போன்ற, ஒருமுறை அணிந்து எறியும் டயப்பர்கள் அதனை வழங்கின. 1998இல், வளர்ந்த குழந்தைகளுக்கான பெரிய அளவு டயப்பரின் விளம்பரத்தில் பிரேசல்டனே தோன்றியபோது அமெரிக்காவில் பெரும் விவாதம் எழுந்தது. ஆயத்த வயது என்பது உடலின் செய்தி மட்டுமன்று, சந்தையின் செய்தியும்கூட என்னும் ஐயமே அவ்விவாதத்தின் உட்பொருள்.

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் நிகழ்ந்தது. லாரி பூக், இங்க்ரிட் பௌவர் ஆகியோர் டயப்பரின்றிக் குழந்தை வளர்ப்பது பற்றி 1991 முதல் 2001 வரை வெளியிட்ட நூல்கள் மேலைப் பெற்றோரிடையே பரவின. பூக் இம்முறையை ஓர் இந்தியப் பெண்ணிடமிருந்தே கற்றார். பௌவர் இதற்கு இட்ட பெயரில் ‘தொடர்பாடல்’ என்னும் சொல் இடம்பெற்றது. 1921இல் நோயின் வேராக எண்ணப்பட்ட இந்தியக் குழந்தைப் பருவம், எண்பதாண்டுகளில் பின்பற்றத்தக்க முன்மாதிரியாயிற்று. நம் நகரங்களிலோ அதே காலத்தில் டயப்பர் வளர்ச்சியின் அடையாளமாய் நுழைந்தது.

இவ்வரலாறு இன்று நூலகத்தோடு நிற்பதில்லை. வேறுவேறு மாநிலத்தவரோ நாட்டவரோ மணந்துகொண்ட குடும்பங்களிலும், பாட்டியும் குழந்தைக் காப்பகமும் மாறிமாறிப் பேணும் வீடுகளிலும், இது நாள்தோறும் நிகழும் பூசல். நான்கு மாதக் குழந்தையைக் காலிடுக்கில் இருத்தி ‘ஸ்ஸ்’ என்னும் பாட்டி, மருத்துவ நூல் வாசித்த மருமகளுக்குக் கொடுமைக்காரியாகத் தெரிகிறார். மூன்று வயதுவரை டயப்பர் அணிவிக்கும் மருமகள், பாட்டிக்குச் சோம்பேறியாகத் தெரிகிறார். நீரால் கழுவுவதே தூய்மை என்போருக்குத் தாளால் துடைப்பது அருவருப்பு. கையால் கழுவுவது மற்றவருக்கு அருவருப்பு. ஒவ்வொருவரும் தம் பழக்கத்தைத் தூய்மை என்றும், மற்றவர் பழக்கத்தைக் குணக்குறை என்றும் வாசிக்கின்றனர். பழக்கத்திலிருந்து குணத்தை ஊகிக்கும் பெர்க்லி-ஹில்லின் முறை இங்கு வீட்டளவில் தொடர்கிறது.

உண்மையில் ஒவ்வொரு முறையும் ஒரு வாழ்நிலையின் பொருத்தம். மண்தரை அல்லது கழுவத்தக்க தரை, வெப்பமான காற்று, குழந்தையை எந்நேரமும் ஏந்தும் கைகள் ஆகியவை இருந்தால் குறியறிதல் இயலும். கம்பளம் விரித்த அறை, குளிர், எட்டு மணிநேர அலுவல், ஒரு பணியாளரிடம் பல குழந்தைகள் என்றால் இயலாது. முறையை மட்டும் பெயர்த்துக்கொண்டு வாழ்நிலையைப் பெயர்க்காவிடில், சுமை ஒருவர்மீது விழும். பெரும்பாலும் அது தாய்.

மரபைப் போற்றுவோர் மறக்கும் கணக்கொன்றும் உண்டு. கலாப்பூரின் முற்றங்களுக்குள் அடைபட்டிருந்த ராஜபுத்திரப் பெண்களின் கழிவை நாள்தோறும் வந்து அகற்றியவர்கள் துப்புரவுச் சாதிப் பெண்கள். குழந்தையின் மலம் தீங்கற்றது என்னும் நம்பிக்கை பல வட்டாரங்களில் இன்றும் நிலவுகிறது. மருத்துவம் அதனை ஏற்பதில்லை. குழந்தைகளின் மலம் எவ்வாறு அகற்றப்படுகிறது என்று தேசியக் குடும்பநல ஆய்வு தனியே கேட்பதன் காரணம் அதுவே. டயப்பர் இக்கணக்கைத் தீர்த்துவிடவும் இல்லை. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயப்பரைச் சுகாதாரக் கழிவு என வகுத்து, உறையிலிட்டுத் தர வேண்டும் என்றன. உறையிலிடாத டயப்பரைப் பிரிப்பது தூய்மைப் பணியாளரின் கையே. முற்றத்தில் கூடையோடு நின்றவரின் இடத்தில் இன்று குப்பை வண்டியோடு ஒருவர் நிற்கிறார்.

நூறாண்டுகளாகக் குழந்தையின் மலத்தில் தேசங்களின் ஆன்மாவைத் தேடியவர்கள் இரு கேள்விகளைக் கேட்கவில்லை: குழந்தையின் குறியை அறிவதற்கு அருகில் இருந்தவர் யார்? பின்னர் அதனை அள்ளியவர் யார்? ஒரு குடும்பத்தின் தூய்மைப் பழக்கத்தைப் புரிந்துகொள்ள முற்படுவோர் இவ்விரு கேள்விகளிலிருந்தே தொடங்க வேண்டும். குணவியல்பு பற்றிய தீர்ப்புகள் அதன்பின் பெரும்பாலும் தேவைப்படா.