மேலாண்மை ஏற்கும் உரிமை (இங்கிலாந்து, வேல்சு)

மேலாண்மை ஏற்கும் உரிமை என்பது, இங்கிலாந்திலும் வேல்சிலும் அடுக்குமாடி வீடுகளை நீண்டகாலக் குத்தகையில் வைத்திருப்போர், தமது கட்டிடத்தின் நிருவாகத்தை நில உரிமையாளரிடமிருந்தும் அவர் அமர்த்திய மேலாண்மை முகவரிடமிருந்தும் தாமே பெற்றுக்கொள்ள வழி செய்யும் சட்ட உரிமை ஆகும். 2002 ஆம் ஆண்டின் குத்தகைச் சீர்திருத்தச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட இவ்வுரிமை, இங்கிலாந்தில் 2003 இலும் வேல்சில் 2004 இலும் நடைமுறைக்கு வந்தது.

பின்னணி

இந்நாடுகளில் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் 99, 125 போன்ற ஆண்டுக் கணக்கில் குத்தகையாகவே விற்கப்பட்டு வந்துள்ளன. கூரைப் பழுது, மின்தூக்கி, காப்புறுதி முதலியவற்றின் செலவைக் குத்தகைதாரர் பராமரிப்புக் கட்டணமாகச் செலுத்துவர். ஆனால் முகவரையும் செய்யவேண்டிய பணிகளையும் தெரிவு செய்பவர் நில உரிமையாளர். 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேறு மேலாளரை நியமிக்கக் கோரலாம் எனினும், நிருவாகத்தின் குறையை மெய்ப்பிக்க வேண்டும். மேலாண்மை ஏற்கும் உரிமைக்கு அது தேவையில்லை. கட்டிடத்தை விலைக்கு வாங்கவும் வேண்டியதில்லை.

தகுதி

* கட்டிடத்தில் குறைந்தது 2 வீடுகள் இருத்தல் வேண்டும்.
* மூன்றில் இரண்டு பங்கு வீடுகளேனும், தொடக்கத்தில் 21 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு வழங்கப்பட்ட குத்தகையில் இருத்தல் வேண்டும்.
* கடை, அலுவலகம் போன்ற குடியிருப்பல்லாத பகுதி, தளப்பரப்பில் 50 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. 2025 மார்ச்சு வரை இவ்வரம்பு 25 விழுக்காடாக இருந்தது.

நடைமுறை

குத்தகைதாரர்கள் இதற்கென ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, உறுப்பினரல்லாத ஏனைய குத்தகைதாரர் அனைவருக்கும் அழைப்பு அனுப்புவர். குறைந்தது பாதி வீடுகளின் குத்தகைதாரர்கள் உறுப்பினரானதும், அழைப்புக்கு 14 நாட்கள் கழித்து, நில உரிமையாளருக்குக் கோரிக்கை அறிவிப்பு வழங்கப்படும். அவருக்கு மறுப்புத் தெரிவிக்கக் குறைந்தது ஒரு மாதம் தரப்படும். மறுப்பு வராவிடில், அக்கெடு முடிந்து குறைந்தது மூன்று மாதங்களுக்குப் பின் அமையும் ஒரு நாளில் மேலாண்மை கைமாறும். மறுத்தால், நிறுவனம் இரண்டு மாதங்களுக்குள் தீர்ப்பாயத்தை நாடாவிடில் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும்.

விளைவுகளும் வரம்புகளும்

நிலத்தின் உடைமை மாறுவதில்லை. குத்தகையில் நிலவாடகை விதிக்கப்பட்டிருப்பின் அது தொடரும். நில உரிமையாளரும் நிறுவனத்தில் உறுப்பினராகலாம். பல கட்டிடங்கள் பகிர்ந்துகொள்ளும் சாலை, தோட்டம் போன்றவற்றுக்கு இவ்வுரிமை பொருந்தாது என ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது.

உரிமையுடன் பொறுப்பும் கைமாறுகிறது. பழுதுபார்த்தல், காப்புறுதி, தீப்பாதுகாப்பு ஆகியவற்றுக்கு நிறுவனமே பொறுப்பேற்கும். கட்டணம் செலுத்தத் தவறும் அயலவரிடம் நிலுவையைக் கேட்க வேண்டியவர்களும், அதே கட்டிடத்தில் வாழும் இயக்குநர்களே. இதனால் பல நிறுவனங்கள் அன்றாடப் பணிகளுக்கு மீண்டும் ஒரு முகவரை அமர்த்துகின்றன. எனினும், அம்முகவர் கணக்குக் காட்டவேண்டியது கட்டணம் செலுத்துவோருக்கே ஆகும்.