தென்காசி வட்டாரத்துக் காவல் நாய்கள்

குற்றாலத்து மலையடிவாரத் தோப்புகளுக்கும் வீடுகளுக்கும் நாய்தான் பழைய காவல். பேர்போன இனங்கள் அருகிலேயே உருவானவை. தென்காசியிலிருந்து மதுரைச் சாலையில் வடக்கே இருக்கும் ராஜபாளையத்தின் பெயரைத் தாங்கிய வெள்ளை நாயும், சிப்பிப்பாறை நாயும் பாளையக்காரர் காலத்தோடு சேர்த்துப் பேசப்படுகின்றன.

சிப்பிப்பாறை, முயல் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்டது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வேலை போயிற்று; ஓடும் உடல்வாகு போகவில்லை. மாடிக் குடியிருப்புக்கு அது ஏற்றதன்று.

ராஜபாளையம் வீட்டாரிடம் ஒட்டிக்கொள்ளும், அந்நியரை அண்டவிடாது. தூய வெண்மைக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும் ஆசைப்பட்டுப் பெருக்கியதில் செவிட்டுக் குட்டிகளும் பிறந்தன. நிறத்துக்குக் கொடுத்த விலை அதிகம்தான். குட்டி வாங்குவோர் அதன் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது நல்லது.

2005-இல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. இத்தனை பெயர் இருந்தாலும், வெறும் காவலுக்கென்றால் தெருவில் பிறந்த நாட்டு நாயே போதும்.