கடிதத்தின் முத்திரையும் கைப்பேசியின் பூட்டும்

தென் தில்லியில், மாளவியா நகரை அடுத்துப் பேகம்பூர் என்னும் ஊரின் பக்கத்தே விஜய மண்டல் என்றொரு பழங்கட்டடம் இடிந்து நிற்கின்றது. மாலை வேளையில் உலாவச் செல்லும் நம் அன்பர்கள் பலர் அதனைக் கண்டிருப்பர். முகம்மது பின் துக்ளக் தன் ஜஹான்பனா நகரில் எழுப்பிய அரண்மனையின் எச்சமே அது என்று அறிஞர் கருதுவர். அம்மன்னனுடைய தில்லிக்கு 1334-ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டினரான இபின் பதூதா என்னும் பயணி வந்து சேர்ந்தார். வரும் வழியில் அவர் கண்டு வியந்தவற்றுள் ஒன்று அரசனுடைய அஞ்சல் முறை. சிந்து நாட்டிலிருந்து தில்லிக்கு ஐம்பது நாள் பயணம். ஆயின் அங்கிருந்து ஒற்றர் எழுதும் ஓலை ஐந்தே நாளில் மன்னன் கையை அடைந்துவிடும் என்று அவர் எழுதி வைத்தார்.

அவ்வோலையில் இருந்தது யாது? நாட்டுக்குள் புதிதாக வந்தவன் யார், அவன் தோற்றம் எத்தகையது, உடுத்த உடை யாது, உடன் வந்த தோழரும் பணியாளரும் விலங்குகளும் எத்தனை, நடக்கும்போதும் இருக்கும்போதும் அவன் நடந்துகொள்ளும் விதம் யாது என்பனவெல்லாம் ஒன்றுவிடாமல் அதில் இருந்தன. விருந்தினன் தலைநகரின் வாயிலை எட்டுமுன்னரே அவனுடைய வரலாறு எட்டிவிட்டது.

இஃது ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி. இன்று நம் சட்டைப் பையில் உள்ள கைப்பேசியும் இதே தொழிலைச் செய்யவல்லது. நாம் எங்கே செல்கின்றோம், யாருடன் பேசுகின்றோம், எதனை விரும்புகின்றோம் என்பனவற்றை அது குறித்துக்கொள்கின்றது. அன்று ஐந்து நாள். இன்று ஒரு நொடி. அன்று செய்தி சென்றது அரசனிடம். இன்று செல்வது நாம் முகமறியா வணிக நிறுவனங்களிடம். வேறுபாடு இவ்வளவே. ஆகவே, பிறர் பார்வைக்கு அகப்படாத வகையில் அமைந்த, மூலநிரலை மறைக்காத இயங்குதளத்துக்குக் கைப்பேசியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் இன்று பலருக்கு எழுகின்றது. இவ்வெண்ணத்துக்குப் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றின் பெரும்பகுதி நாம் வாழும் இத்தில்லியிலேயே நிகழ்ந்தது என்பதை நம்மவர் அறிதல் நலம்.

ஒற்று என்பது அரசுக்கு வேண்டாத ஒன்று என நம் முன்னோர் கருதவில்லை. திருக்குறள் பொருட்பாலில் ஒற்றாடல் என்றே ஓர் அதிகாரம் உண்டு. ஆயின் அது வேந்தன் கடமையைக் கூறும் பகுதியில் இருப்பதை மறத்தலாகாது. நாட்டைக் காக்க ஒற்றறிதல் வேறு. ஊரார் வீட்டுச் செய்தியை விலை கூறுதல் வேறு.

புலம்பெயர்ந்து வந்த நமக்கு இவ்வேறுபாடு புதியதன்று. அந்நாளில் கரோல் பாக்கிலும் லோதி காலனியிலும் வாழ்ந்த நம் பெற்றோர் ஊருக்குக் கடிதம் எழுதிய முறையை நினைத்துப் பாருங்கள். ‘அனைவரும் நலம், பொங்கலுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை’ என்னும் செய்தி அஞ்சலட்டையில் போகும். தங்கையின் திருமணப் பேச்சு, தந்தை பட்ட கடன், அன்னையின் நோய் ஆகியவை ஒட்டி மூடிய கடிதத்தில் போகும். அஞ்சற்காரர் நல்லவரே, எனினும் அவர் அறிய வேண்டியது முகவரி மட்டுமே என்று நம்மவர் தெளிந்திருந்தனர். அந்த ஒரு விரற்கடைப் பசைதான் ஏழைக் குடும்பத்தின் மானத்துக்கு மதிலாக நின்றது.

அம்மதிலைத் திறக்கும் உரிமையை அரசு தன்னிடம் வைத்திருந்தது என்பதும் உண்மை. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டமும் செய்திகளை இடைமறிக்க இடந்தந்தன. 1986-இல் அஞ்சல் சட்டத்தைத் திருத்தி இவ்வதிகாரத்தை விரிவாக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. குடியரசுத் தலைவர் கியானி ஜெயில் சிங் அதற்குக் கையொப்பமிடவில்லை. அவருக்குப்பின் அப்பதவிக்கு வந்தவர் தஞ்சை மாவட்டத்து இராசாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்டராமன். அவர் அதனை மறு ஆய்வுக்குத் திருப்பியனுப்பினார். அம்மசோதா சட்டமாகவே இல்லை. பழைய அஞ்சல் சட்டத்தின் இடத்தில் 2023-இல் புதிய சட்டம் வந்தது. இடைமறிக்கும் அதிகாரம் அதிலும் இடம்பெற்றுள்ளது.

நீதிமன்றத்தின் வரலாறும் வளைந்து வளைந்தே வந்துள்ளது. 1954-இல் எட்டு நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற ஆயம், அந்தரங்கத்துக்கெனத் தனி உரிமை நம் அரசியலமைப்பில் இல்லை என்னும் கருத்தைக் கூறிற்று. 1962-இல் கரக் சிங் வழக்கில், காவலர் நள்ளிரவில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சோதிப்பது தவறு என்று தீர்ப்பாயிற்று. எனினும் அந்தரங்க உரிமையைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. 1996-இல் தொலைபேசி ஒட்டுக்கேட்டல் வழக்கில் அரசுக்கு நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. இறுதியில், கருநாடகத்து ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி 2012-இல் ஆதாரை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று அறிவித்தனர். 1954-இலும் 1962-இலும் கூறிய மாறான கருத்துகள் அன்றோடு வீழ்ந்தன.

உரிமை கிடைத்தது. ஆயின் உரிமையை வைத்துக் காக்கும் பெட்டி எது? இன்றைய மனிதனுக்கு அப்பெட்டி அவன் கைப்பேசியே. அதனை இயக்கும் தளம் யாருடையது என்பதே அடுத்த வினா.

இயங்குதளம் என்பது கைப்பேசியின் கருவிகளையும் அதிலுள்ள செயலிகளையும் ஆளும் முதல் நிரல். எந்தச் செயலி ஒலிவாங்கியைத் திறக்கலாம், எது நாம் நிற்கும் இடத்தை அறியலாம் என்று விடை கூறுவது அதுவே. ஆண்ட்ராய்டு என்னும் தளத்தை 2005-இல் கூகிள் நிறுவனம் வாங்கிற்று; 2008-இல் அத்தளத்தில் இயங்கும் முதற் கைப்பேசி விற்பனைக்கு வந்தது. அதன் அடிப்படை மூலநிரல் எவரும் படித்துப் பார்க்கவும் திருத்தவும் திறந்தே உள்ளது. ஆயின் கடையில் நாம் வாங்கும் கைப்பேசியில், அவ்வடிப்படையின் மேல் கூகிளுடைய மூடிய சேவைகளும் வந்து அமர்ந்திருக்கும். மற்றச் செயலிகளுக்கு இல்லாத தனி அதிகாரங்கள் அவற்றுக்கு உண்டு.

இதனை நம் காலனி மக்களுக்கு விளக்க ஒரு சொல் போதும்: அரசு குவார்ட்டர்ஸ். அங்கே நாம் வாழ்கின்றோம், விளக்கேற்றுகின்றோம், பிள்ளைகளை வளர்க்கின்றோம். ஆயின் ஒரு சுவரை இடிக்க நமக்கு உரிமையில்லை. பின்கட்டில் ஓர் அறையைச் சேர்க்கவும் உரிமையில்லை. மற்றொரு சாவி யாரிடம் உள்ளது என்பதும் தெரியாது. கைப்பேசிக்கு நாம் முழு விலை கொடுத்தும் குடியிருப்பவராகவே வாழ்கின்றோம்.

இந்நிலையை மாற்ற முயன்றவர் பலர். 2014-ஆம் ஆண்டில் தில்லியில் இரு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. தில்லியைச் சேர்ந்த இன்டெக்ஸ் நிறுவனம், மொசில்லாவின் ஃபயர்ஃபாக்சு இயங்குதளத்தைக் கொண்ட கைப்பேசியை 1,999 ரூபாய்க்கு வெளியிட்டது. திறந்த மூலநிரலில் அமைந்த அத்தளம் நெடுநாள் நிலைக்கவில்லை. 2015 இறுதியில் மொசில்லா கைப்பேசித் துறையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. எனினும் அந்த நிரலின் வழிவந்த காய் தளமே 2017-இல் வெளிவந்த ஜியோஃபோனில் இடம்பெற்று எண்ணற்ற எளிய மக்களின் கைகளை அடைந்தது.

மற்றது தில்லி உயர்நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. ஆண்ட்ராய்டின் திறந்த நிரலைத் திருத்தி ஆர்வலர் அமைத்த சயனோஜென் என்னும் தளத்தை வணிகமாக்கிய நிறுவனம், அதனை ஒன்பிளஸ் கைப்பேசிகளில் இடம்பெறச் செய்தது. பின்னர் இந்தியாவுக்குரிய தனியுரிமையைக் குருகிராமத்து மைக்ரோமேக்ஸ் நிறுவனத்துக்கு அளித்தது. வழக்கு மூண்டது. 2014 டிசம்பரில் ஒன்பிளஸ் கைப்பேசிகளின் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. சில நாள்களில் இரு நீதிபதிகள் கொண்ட ஆயம் அத்தடையை விலக்கிற்று. வழக்காடிய பெயர் நெடுநாள் வாழவில்லை. 2016 இறுதியில் சயனோஜென் நிறுவனம் தன் சேவையை நிறுத்திவிட்டது. ஆயினும் நிரல் திறந்திருந்தமையால், தொண்டர் கூட்டம் அதனை எடுத்து லீனியேஜ் என்னும் பெயரில் வளர்த்தது. நிறுவனம் மறைந்தும் நூல் மறையாமல் நின்றது. ஓலை அழியுமுன் படியெடுத்துக் காத்த மரபினரான நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

அடுத்த காட்சி கிழக்குக் கித்வாய் நகரில். ஒரு காலத்தில் அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்திருந்த அவ்விடத்தில் இன்று உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன. இந்தியப் போட்டி ஆணையம் அங்கேதான் உள்ளது. கைப்பேசி செய்வோர் தன் செயலிகள் அனைத்தையும் ஒருசேரப் பதித்தே தீரவேண்டும் என்று கூகிள் வற்புறுத்தியது தவறு எனக் கண்ட ஆணையம், 2022 அக்டோபர் 20 அன்று 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை உறுதி செய்தது. ஆயின், முன்கூட்டிப் பதித்த செயலிகளைப் பயனர் நீக்கிக்கொள்ள விடவேண்டும் என்பது உள்ளிட்ட நான்கு கட்டளைகளை நீக்கிவிட்டது. வென்றது பாதி என்றே கூறவேண்டும்.

அவ்வழக்கில் இடைக்காலத் தடை தர உச்சநீதிமன்றம் மறுத்த நாள் 2023 ஜனவரி 19. அதே நாளில் சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநர் வி. காமகோடி ‘பாரோஸ்’ என்னும் இயங்குதளத்தை அறிவித்தார். ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த ஜேண்ட்கே ஆப்பரேஷன்ஸ் என்னும் நிறுவனம் அதனை அமைத்தது. முன்கூட்டிப் பதித்த செயலிகள் அதில் இல்லை. வேண்டியவற்றைப் பயனரே தேர்ந்து கொள்ளலாம். சில நாள்களில் மத்திய அமைச்சர்கள் அசுவினி வைஷ்ணவும் தர்மேந்திர பிரதானும் தில்லியில் அதனை இயக்கிப் பார்த்தனர். 2007-இல் சென்னை சி-டாக் நிறுவனம் கணினிக்கென ‘பாஸ்’ என்னும் திறந்த இயங்குதளத்தை வெளியிட்டதும் இங்கே நினையத்தக்கது. நம்மைப் போலவே இவையும் தென்னாட்டில் பிறந்து தலைநகரை நாடி வந்தவை! ஆயின், இரகசியம் பேண வேண்டிய நிறுவனங்களை முன்வைத்தே பாரோஸ் அமைந்தது. கடைத்தெருவில் நாம் வாங்கும் கைப்பேசிகளில் அது பரவலாக இடம்பெறவில்லை.

ஆகவே தனிமனிதர் இன்று நாடுவது கிராபீன், லீனியேஜ், ஃபிரான்சு நாட்டவரான கெயில் டுவால் தொடங்கிய ஈ ஆகிய தளங்களை. இவற்றுள் காவலில் மிக்கதாகப் பேசப்படும் கிராபீன், கூகிள் நிறுவனத்தின் பிக்சல் கைப்பேசிகளுக்கென்றே வளர்ந்தது. கூகிளிடமிருந்து விலகக் கூகிளின் கருவியையே வாங்க வேண்டியிருப்பது காலத்தின் விந்தை!

எம் இல்லத்தில் இம்மாற்றத்தைச் செய்து பார்த்தோம். பழைய கைப்பேசி ஒன்றின் தொடக்கப் பூட்டைத் திறந்து, அதிலிருந்தவற்றை வேறிடத்தில் படியெடுத்த பின் முற்றும் துடைத்து, புதிய தளத்தைப் பதித்தான் எம் மகன். ஒரு மாலைப் பொழுதில் வேலை முடிந்தது. மின்கலம் முன்னிலும் நெடுநேரம் நின்றது. எந்தச் செயலி எதனைக் கேட்கின்றது என்பது முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. கைவிளக்குச் செயலி ஒன்று முகவரிப் புத்தகத்தைக் கேட்டதைக் கண்டு வீட்டார் நகைத்தனர். ஆயின் மறுநாள் எம் வங்கியின் செயலி, ‘இஃது ஒப்புதல் பெற்ற கருவியன்று’ எனக் கூறித் திறக்க மறுத்துவிட்டது. காய்கறிக்காரருக்கு நூறு ரூபாய் அனுப்ப இயலாது என் மனைவி கடைவாயிலில் நின்றார். ‘இரகசியம் காத்தீர்கள், இனிச் சில்லறையும் காத்து வையுங்கள்’ என்றார் வீட்டுக்கு வந்ததும். அவர் சொல்லில் நியாயம் இருந்தது. இன்று எம் வீட்டில் வங்கிப் பணிக்கென ஒரு பழைய கைப்பேசி அலமாரியிலேயே இருக்கின்றது. உடன் வருவது புதிய தளம் கொண்டது.

அன்பர்களே, மாற்றத்தால் எல்லாம் மறைந்துவிடும் என்று எண்ணற்க. எந்தக் கோபுரத்தின் எல்லையில் நாம் நிற்கின்றோம் என்பதைத் தொலைபேசி நிறுவனம் அப்போதும் அறியும். நாமே விரும்பிப் பிறர் தளங்களில் எழுதுபவற்றை எந்தப் பூட்டும் காக்காது. சொந்த வீட்டின் ஒழுகலைத் தானே அடைக்க வேண்டியது போல, பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாது வருகின்றனவா என்று தானே பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் சேரும். அனைவரும் உடனே மாறவேண்டும் என்று யாம் கூறவில்லை. ஆயின், இன்றிரவே தம் கைப்பேசியின் அமைப்புப் பகுதியைத் திறந்து, எச்செயலிக்கு எவ்வனுமதி தந்துள்ளோம் என ஒரு முறை பார்த்து, வேண்டாதவற்றை நீக்குதல் எவர்க்கும் இயலும்.

துக்ளக்கின் மாளிகை இடிந்தது. அவன் ஒற்றர் எழுதிய ஓலைகளும் மறைந்தன. மூடிய கடிதத்தில் நம் அன்னையர் எழுதியவை மட்டும் எழுதியவரும் பெற்றவரும் அன்றி வேறெவரும் அறியாமலே நின்றன. அந்த அன்பின் மறைவிடத்தை அடுத்த தலைமுறைக்கும் விட்டுச் செல்வது நம் கடமையாகும்.