ராஜரத்தினமும் மூதாதையரும்

எஸ். ராஜரத்தினத்தைப் பற்றி இலக்கியக்காரர்கள் எழுதி நான் படித்ததில்லை. சிங்கப்பூரின் முதல் வெளியுறவு மந்திரி அவர் என்பது பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். அந்தப் பதவிக்கு இருபது சொச்சம் வருஷங்களுக்கு முன் லண்டனில் உட்கார்ந்து சிறுகதை எழுதிக்கொண்டிருந்தவர், அதுவும் நல்ல சிறுகதை எழுதியவர் என்பது தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும் அதை மந்திரியின் வாழ்க்கையில் ஒரு சுவாரஸ்யமான உபரித் தகவலாகவே வைத்துக்கொள்கிறார்கள். அது உபரி இல்லை என்பது என் கட்சி.

இந்த ஆர்வம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, கவுண்டரிலிருந்து வந்தது. நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளை மரக்காணத்தில் இருக்கிறது. ஊரை ஒட்டிக் கண்ணுக்கெட்டிய வரை உப்பளப் பாத்திகள். கோடையில் வெள்ளைக் குவியல்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எல்லாம் ஒரே தண்ணீர்க்காடு. அந்த மாதங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது. அப்போதுதான் கவுண்டரில் ஒரு கேள்வி அதிகம் கேட்கும்: "சிங்கப்பூர் பணம் ஏறிடுச்சா சார்?" கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். உப்புநீரில் நின்று நின்று வெடித்த பாதங்கள். மகன் அங்கே கட்டட வேலையில் இருப்பான்.

இதே ஊரைப் பற்றி இங்கே படித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் வேறொரு கப்பல் வந்து நிற்கும். கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவன் கிரேக்க மொழியில் எழுதிவைத்த பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, நம் கிழக்குக் கரையில் கமரா, பொதுகே, ஸோபட்மா என்று மூன்று துறைகளை வரிசையாகச் சொல்கிறது. ஸோபட்மா என்பது சோபட்டினம். அதுவே சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனுக்குரியதாக வரும் எயிற்பட்டினம். அதாவது இந்த மரக்காணம் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. கங்கைக்கும் க்ரிஸே என்ற பொன்னாட்டுக்கும் இங்கிருந்து பெரிய கப்பல்கள் போயின என்றும் அதே குறிப்பில் இருக்கிறது. க்ரிஸே என்று கிரேக்கர் சொன்னது மலாய்த் தீபகற்பத்தையும் அதை அடுத்த பகுதிகளையும். ஆக, இரண்டாயிரம் வருஷமாக நாம் போய்க்கொண்டிருக்கிற திசை அது! இதைச் சொல்லும்போது நம் குரல் உயர்ந்துவிடுகிறது. என் குரலும் உயர்ந்திருக்கிறது. ஆனால் பாஸ்புக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் அம்மாளிடம் இதைச் சொல்ல ஒருநாளும் எனக்கு வாய் வந்ததில்லை.

இந்தக் கூச்சத்துக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கப்போய்த்தான் ராஜரத்தினத்திடம் வந்து சேர்ந்தேன். மூதாதையர் பெருமை என்பதை ஓர் அரசியல் பிரச்னையாக எடுத்துக்கொண்டு, அது வேண்டாம் என்று சொல்லி, அந்த 'வேண்டாம்' மேல் ஒரு தேசத்தையே கட்ட முற்பட்டவர் அவர்.

2

1915-இல் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் பிறப்பு, கைக்குழந்தையாகவே மலாயா, வளர்ந்தது ஸெரம்பானில். தகப்பனாருக்கு ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வை உத்தியோகம். 1930களின் நடுவில் சட்டம் படிக்க லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போனார். யுத்தம் வந்தது, வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது, படிப்பு முடியவில்லை. எழுத ஆரம்பித்தார். பிரோஷ்கா என்ற ஹங்கேரியப் பெண்ணை மணந்துகொண்டார். இடதுசாரி வாசிப்பு, காலனி எதிர்ப்புக் கூட்டங்கள் என்று பன்னிரண்டு வருஷம் போல அங்கே கழிந்தது.

அந்த நாட்களின் கதைகள் பஞ்சம், வறட்சி, வெட்டுக்கிளி என்று மண்ணோடும் வயிற்றோடும் சம்பந்தப்பட்டவை. அவற்றில் 'புலி' என்ற கதை பலருக்கும் பள்ளிப் பாடத்தில் அறிமுகமானது. ஆற்றில் குளிக்கும் கர்ப்பிணி ஃபாத்திமா புலியை நேருக்கு நேர் பார்க்கிறாள்; அது அவளை ஒன்றும் செய்வதில்லை. ஊர் துப்பாக்கி எடுக்கிறது. அவள் வேண்டாம் என்கிறாள், யாரும் கேட்பதில்லை. அவளுக்குப் பிரசவ வலி காணும் இரவில் புலி சுடப்படுகிறது. அதுவும் தாய் என்று பிறகு தெரிகிறது. ரத்த சம்பந்தம் இல்லாத ஓர் உயிரை ஒருத்தி தன் இனமாக அடையாளம் கண்டுகொள்கிறாள். ஊருக்கோ அது வேற்றினம், அவ்வளவுதான். பிற்காலத்து ராஜரத்தினத்தின் மையக் கருத்து இந்தக் கதையில் கருவாக இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

1940களின் கடைசியில் மலாயா திரும்பிப் பத்திரிகைக்காரரானார். மலாயன் ட்ரிப்யூன், பிறகு சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட், பிறகு ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ். 'என் இஷ்டப்படி எழுதுகிறேன்' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு பத்தி எழுதினார். 1954-இல் லீ குவான் யூ முதலியவர்களோடு மக்கள் செயல் கட்சியைத் தொடங்கினார். 1959-இல் கலாச்சார மந்திரி. 1965 ஆகஸ்ட் 9-ஆம் தேதி மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த அன்று வெளியுறவு மந்திரி. பதினைந்து வருஷம், 1980 வரை அந்தப் பொறுப்பு. பிறகு இரண்டாம் துணைப் பிரதமர், மூத்த மந்திரி, 1988-இல் ஓய்வு. 2006 பிப்ரவரியில் காலமானார். எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில்.

3

அவருடைய வெளிநாட்டுக் கொள்கை ஒரு சிறுகதைக்காரனின் மனசில் உருவானது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஓர் உதாரணம். வல்லரசுகளில் ஒன்றோடு மட்டும் ஒட்டிக்கொள்வதா, எல்லாரையும் விரட்டுவதா என்று தென்கிழக்கு ஆசியா குழம்பிக்கொண்டிருந்த 1970களில், அவர் சூரியன்களைப் பற்றிப் பேசினார். ஒரே சூரியன் என்றால் சின்னக் கிரகம் அதன் இழுப்புக்குத் தப்பாது. பல சூரியன்கள் இருந்தால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று தட்டும், நடுவே சின்னக் கிரகத்துக்கு நகர இடம் கிடைக்கும். ராஜதந்திர அறிக்கை இந்த மொழியில் வருவது அபூர்வம்.

1967 ஆகஸ்ட் 8-ஆம் தேதி பாங்காக்கில் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து மந்திரிகளோடு உட்கார்ந்து ஆஸியான் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அதற்குச் சில வருஷம் முன்தான் இந்தோனேசியா சிங்கப்பூரில் குண்டு வைத்துக்கொண்டிருந்தது. 1972-இல் சிங்கப்பூர் பத்திரிகையாளர் மன்றத்தில் 'உலக நகரம்' என்ற உரையை நிகழ்த்தினார். ஒரு துறைமுகத்துக்கு அதன் பின்னால் விளைநிலமும் சந்தையுமாக ஒரு நாடு வேண்டும். சிங்கப்பூருக்கு அது இல்லை. ஆகவே செத்துப்போகும் என்பது அன்றைய பொதுக்கணிப்பு. உலகமே இனி எங்கள் பின்நிலம் என்று அவர் பதில் சொன்னார். எயிற்பட்டினத்தின் கதையை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் கொஞ்சம் உறைக்கும். கப்பல் வராமல் போனபின் துறைமுகம் என்ன செய்வது என்ற கேள்விக்கு நாம் கொடுத்த பதில் பழைய கப்பலைப் பற்றிப் பேசுவது.

4

மூதாதையர் விஷயத்துக்கு வருகிறேன். 1966-இல் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பள்ளியில் சொல்லும் உறுதிமொழியின் முதல் வரைவை எழுதியவர் ராஜரத்தினம். இனம், மொழி, மதம் பாராத ஒரே மக்கள் என்பது அதன் சாரம். இரண்டு வருஷம் முன்பு, 1964-இல், அதே ஊரில் மலாய்க்காரரும் சீனரும் தெருவில் வெட்டிக்கொண்டார்கள் என்பதை மறக்கக்கூடாது. சிங்கப்பூர்க்காரன் ஆவது பிறப்பால் அல்ல, தேர்வாலும் நம்பிக்கையாலும் என்று பின்னாளில் அவர் சொன்னது இதன் தொடர்ச்சி.

1984-இல் 'கடந்தகாலத்தின் உபயோகமும் துஷ்பிரயோகமும்' என்ற உரையில் அவர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். சிங்கப்பூரின் ஸ்தாபகராக ராஃபிள்ஸ் என்ற வெள்ளைக்காரனை ஏற்றுக்கொண்டது ஏன்? அடிமை மனோபாவம் என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். அவர் விளக்கம் வேறு. 1819-க்குப் பின்னால் போனால் ஒருவன் சீனாவின் நாலாயிரம் வருஷத்தைக் கொண்டுவருவான், ஒருவன் இந்தியாவை, ஒருவன் ஸ்ரீவிஜயத்தை. ஆளுக்கொரு மூதாதையரோடு வந்து இந்தச் சின்னத் தீவை ரணகளமாக்குவார்கள். யாருக்கும் பாட்டன் இல்லாத ஒருவனை ஸ்தாபகனாக வைத்தால் சண்டை இல்லை. இதே உரையில், தேசத்துக்கு ஞாபகம் அவசியம் என்றும் சொல்கிறார். அவர் கேட்டது மறதியை அல்ல. ஞாபகத்தின் எல்லைக்கோட்டைத் தீர்மானிக்கும் உரிமையை.

இது நமக்கு எளிதில் ஜீரணமாகாது. வேர், மரபு என்ற சொற்களைக் கேட்டதுமே நெகிழ்ந்துவிடும் சூழல் நம்முடையது. ஆனால் அவர் பிறந்த யாழ்ப்பாணத்தில் 1983-க்குப் பின் நடந்ததைப் பார்த்தவர்கள், வேறு நாட்டில் நின்று அவர் போட்ட கோட்டைக் கேலி செய்யத் துணியமாட்டார்கள். இந்த நூற்றாண்டிலும் போன நூற்றாண்டிலும் தமிழ்ப் பிறப்புள்ள அரசியல்வாதி ஒருவர் முன்வைத்த கருத்துகளில், ரத்தத்தைவிடத் தேர்வு பெரிது என்ற இது முதல் வரிசையில் வைக்கத் தக்கது.

5

ஆனால் கோடு போடுகிறவன் கையில் போலீஸும் இருக்கிறது. 1963 பிப்ரவரி 2-ஆம் தேதி சிங்கப்பூரில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் விசாரணையின்றிக் கைதானார்கள். அவர்களில் ஸயித் ஸஹாரி, உத்துசான் மெலாயு பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். முடிவெடுத்தது பிரிட்டன், மலாயா, சிங்கப்பூர் மூன்றும் அடங்கிய குழு. அப்புறம் 1979 வரை விடாமல் வைத்திருந்தது சிங்கப்பூர் அரசு. ஏறக்குறைய 17 வருஷம். சிறைக்குள் அவர் கவிதை எழுதினார். அத்தனை வருஷமும் ராஜரத்தினம் மந்திரி. 1971-இல் சிங்கப்பூர் ஹெரால்ட் பத்திரிகையின் உரிமம் ரத்தானபோதும் மந்திரி. இஷ்டப்படி எழுதிய பத்திரிகைக்காரரைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எழுத்தாளன் பதவிக்குப் போவது உலகத்தில் புதிதில்லை. கிரேக்கத்தில் 1956 முதல் 1963 வரை பெரும்பாலும் வெளியுறவு மந்திரியாக இருந்த அவெரோஃப் நாவல்களும் நாடகங்களும் எழுதியவர். சைப்ரஸ் பற்றிய 1959 ஒப்பந்தத்தை முடித்தவர் அவர். அப்போது அவருக்குக் கீழே லண்டனில் தூதராக இருந்தவர் கவிஞர் ஸெஃபெரிஸ். அந்த ஒப்பந்தம் ஸெஃபெரிஸுக்கு உவப்பில்லை. உத்தியோகத்தை விடவும் இல்லை. என்னைப் போன்ற சம்பளக்காரனுக்கு இந்த நிலை புரியும். ஆனால் ஓய்வுபெற்றபின், ராணுவ ஆட்சியின் கீழ், 1969 மார்ச் 28-ஆம் தேதி அவர் வாய் திறந்தார். பி.பி.ஸி.யில் அந்த அறிக்கை ஒலிபரப்பானது. அரசு அவருடைய கௌரவப் பட்டத்தையும் ராஜாங்க பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டது. மூதாதையரின் கற்களைச் சுமந்து கைசோர்ந்ததைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதியவர் ஸெஃபெரிஸ். கற்களை இறக்கிவைத்தவர் ராஜரத்தினம். இறக்கிவைத்ததால் கை லேசாகியது. அந்தக் கை சாவியையும் பிடித்தது.

'புலி' கதையில் எழுத்தாளர் நின்ற இடம் ஃபாத்திமாவின் பக்கம். மந்திரி நின்ற இடம் துப்பாக்கி எடுத்த ஊரின் பக்கம். ஊரைக் காப்பது மந்திரியின் வேலை என்று சொல்லலாம், நானும் சொல்வேன். அதற்காக அவர் இடம் மாறியதைச் சொல்லாமல் விட முடியாது.

6

கடைசியாக ஒன்று. தேர்வால் குடிமகன் ஆவது என்ற அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் உண்டு. மரக்காணத்துப் பையன் போவது வொர்க் பெர்மிட்டில். அதில் இருக்கிறவன் நிரந்தர வாசத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. சிங்கப்பூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்ய அரசின் அனுமதி வேண்டும். பத்து வருஷம் அங்கே மாடிமேல் மாடி எழுப்பினாலும் பெர்மிட் முடிந்தால் விமானம்தான். நம்பிக்கையும் விருப்பமும் அவனுக்கு இருக்கலாம், யாரும் கேட்பதில்லை. ரப்பர்த் தோட்டத்து உத்தியோகஸ்தரின் பிள்ளைக்குத் திறந்திருந்த வழி அது.

அதற்காக அந்தக் கருத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பையனுக்காக வாதாட இதைவிட நல்ல கருத்து நம்மிடம் கிடையாது. ஸோபட்மாவையும் கொலாந்தியாக் கப்பலையும் காட்டி அவனுக்கு அங்கே ஓர் அங்குல உரிமை வாங்க முடியாது. பிறப்பு முக்கியமில்லை, தேர்வே முக்கியம் என்ற ராஜரத்தினத்தின் வாக்கை அவருடைய தேசத்தின் முன்னால் வைத்துக் கேட்க முடியும்: அப்படியானால் இவன்?

போன கார்த்திகையில் ஓர் அம்மாள் கேட்டாள், "அங்கயே இருந்துக்க விடமாட்டாங்களா சார்?" மாட்டார்கள் என்றேன். "அவனுக்கு அந்த ஊரு ரொம்பப் புடிச்சிருக்கு" என்றாள். பாஸ்புக்கில் பதிவு போட்டுக் கொடுத்தேன்.